ராத்திரி ஷிப்ட்காரன் பெண் பார்க்கப் போன கதை

என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது, அவரவர் அப்பா அம்மா என்ன வேலை பார்க்கிறார்கள் என்று வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். இவள் எழுந்து, "அம்மா டீச்சர். அப்பா தூங்குவாரு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாளாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவளே இதைச் சொன்னாள். என் மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். ஆனால் மகள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அவள் பார்த்த வரைக்கும் நான் தூங்குகிறவன்தான்.

தில்லைநகர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில் நான் லேப் டெக்னீஷியன். முதலில் பகல் வேலைதான், ரத்தம் எடுக்கும் கவுண்டரில். அந்த வேலையில் ஊசி பாதி, பேச்சு பாதி. வந்து உட்காருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் ஊசியைப் பார்த்ததுமே கையை இறுக்கிக்கொள்வார்கள். "எந்த ஊருங்க? முசிறியா? ஆத்துல தண்ணி வந்துடுச்சா? வாழை போட்டிருக்கீங்களா?" என்று ஆரம்பிப்பேன். வாழையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் முசிறிக்காரர் எவருக்கும் நிறுத்தத் தெரியாது. அவர் காற்றில் சாய்ந்த மரங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் பஞ்சை வைத்து, "கையை மடக்கிக்குங்க, முடிஞ்சிடுச்சு" என்பேன். "எடுத்தாச்சா?" என்று ஆச்சரியப்படுவார்கள். அந்த ஆச்சரியத்துக்காகவே எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

மகள் பிறந்த பிறகு நானே கேட்டு ராத்திரி ஷிப்ட்டுக்கு மாறினேன். மனைவி நகரத்தில் ஒரு கன்னியாஸ்திரீகள் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர். பகலில் குழந்தையோடு ஒருவர் இருக்க வேண்டும் என்றால் வேறு வழி தெரியவில்லை. குழந்தை தூங்கும்போது நானும் தூங்கி, அது எழுந்தால் நானும் எழுந்து, எப்படியோ வளர்த்துவிட்டோம். அவள் பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகும் நான் ராத்திரியிலேயே தங்கிவிட்டேன். பழகிவிட்டது, அவ்வளவுதான்.

ராத்திரி லேப் என்பது கட்டடத்தின் பின்பக்கம் ஒரு குளிர்ந்த அறை. மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும். வார்டிலிருந்து வரும் ரத்தக் குழாய்களை ஜன்னல் வழியாகத் தட்டில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். குழாயின் மேல் ஒரு கோடு போட்ட ஸ்டிக்கர் இருக்கும். அது முசிறியா, மணப்பாறையா என்று எனக்குத் தெரியாது. மேலே வார்டில் இருக்கும் நர்ஸ்கள் இன்டர்காமில் கூப்பிடுவார்கள். "லேப்" என்பேன். "ரெடி" என்பேன். "ஆகலை" என்பேன். "திரும்ப எடுத்து அனுப்புங்க" என்பதுதான் நான் பேசும் மிக நீளமான வாக்கியம். வருஷக்கணக்கில் இப்படியே ஓடியது.

பேச்சு போய்விட்டது என்பது நமக்கே தெரியாது. காது போனாலாவது மற்றவர்கள் கத்துவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். பேச்சு போனால் சுற்றியிருப்பவர்களும் நம்மிடம் பேசுவதைக் குறைத்துக்கொள்கிறார்கள், அதனால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். மளிகைக் கடையில் பொருளைக் கையால் காட்ட ஆரம்பித்தேன். கடைக்காரரும் எடுத்துக் கொடுத்துவிடுவார். கல்யாண வீடுகளில் பந்தி முடிந்ததும் முதல் ஆளாகக் கிளம்பினேன். "சார் டூட்டிக்குப் போகணும்ல" என்று அவர்களே காரணம் சொல்லி அனுப்பி வைத்தார்கள்.

ஒருநாள் மத்தியானம் காலிங் பெல் அடித்தது. நாங்கள் ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டில் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறோம். எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். ஒரு அம்மா சிரித்த முகத்தோடு நின்றார். கையில் ஒரு டப்பா. "பாப்பாவோட பிரெண்டு அம்மாங்க. அவ லஞ்ச் பாக்ஸ் நேத்து எங்க பொண்ணு பையில வந்துடுச்சு" என்றார். டப்பாவை வாங்கிக்கொண்டேன். "ரெடி" என்றேன். கதவைச் சாத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அந்த அம்மா என் மனைவிக்குப் போன் செய்து, "உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்திருக்கிறார். மனைவி என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, டப்பா கொண்டாந்து குடுத்தவங்களை வாங்கன்னு கூப்பிட வேணாம். ஒரு தேங்க்ஸ் சொல்ல வேணாம். ரெடின்னா என்னங்க அர்த்தம்?"

எனக்கே தெரியவில்லை. அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"கவுண்டர்ல உக்காந்து ஊர்க்கதை பேசுவீங்கள்ல, அந்த ஆளைத்தான் நான் கட்டிக்கிட்டேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. காணாமல் போன ஒருவரைப் பற்றி விசாரிப்பதுபோலச் சொன்னாள்.

அடுத்த நாளிலிருந்து மகளை வேன் ஏற்றிவிடும் வேலை எனக்கு வந்தது. காலையில் நான் டூட்டி முடித்து ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டி வந்து இறங்கும் நேரமும், பள்ளி வேன் வரும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதுவரை மனைவிதான் ஏற்றிவிட்டு ஓட்டமாக ஓடிக்கொண்டிருந்தாள். "இனிமே நீங்க ஏத்தி விடுங்க. அங்க நாலு பேர் நிப்பாங்க. பேசித்தான் ஆகணும்" என்று சொல்லிவிட்டாள். எல்.கே.ஜி. டீச்சர்கள் திட்டம் போட்டால் அதில் ஓட்டை இருக்காது.

தெருமுனையில் ஒரு வேப்பமரம். அதன் கீழே அம்மாக்கள் நிற்பார்கள். நான் கொஞ்சம் தள்ளி மின்கம்பத்தின் பக்கம் நின்றேன். டப்பா கொண்டுவந்த அம்மா அங்கே இருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் வேன் வரும் திசையைப் பார்த்தேன்.

மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, அந்த ஆன்ட்டி உன்னைப் பார்த்து சிரிச்சாங்க. நீயும் சிரிப்பா."

சிரித்தேன். ராத்திரி முழுக்க விழித்த முகத்தில் சிரிப்பு எப்படி வந்து உட்கார்ந்ததோ, அந்த அம்மாவின் பெண் பயந்து அவர் புடவைக்குப் பின்னால் போய்விட்டது.

இரண்டாவது வாரம்தான் வாயைத் திறந்தேன். "அன்னிக்கு டப்பா... தூக்கத்துல இருந்தேன். தப்பா நினைச்சுக்காதீங்க" என்றேன். "ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லங்க" என்றார் அந்த அம்மா. உடனே பக்கத்தில் நின்ற, வங்கியில் வேலை பார்க்கும் அம்மாவைப் பார்த்தார், இருவரும் ஒரே சமயத்தில், "ரெடி" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். அந்தக் கதை வேப்பமரம் முழுக்கப் பரவியிருந்தது. கூச்சமாக இருந்தது. ஆனால் அன்றைக்குத்தான் மின்கம்பத்தை விட்டு மரத்தடிக்கு வந்தேன்.

அங்கே பேசுவதெல்லாம் சாதாரண விஷயங்கள். தோசை மாவு புளித்தது, வேன் டிரைவரின் புது மீசை, எந்தக் குழந்தைக்கு எந்தப் பல் ஆடுகிறது. எனக்கு ஆரம்பத்தில் எங்கே நுழைவது என்றே தெரியாது. ஒருவர் முடிப்பதற்கும் இன்னொருவர் தொடங்குவதற்கும் நடுவில் இடம் கிடைக்கும் என்று காத்திருப்பேன், கிடைக்காது. காத்திருக்கத் தேவையில்லை, "அப்படியா" என்று சொன்னாலே போதும், அவர்களே இடம் கொடுப்பார்கள் என்பது கொஞ்ச நாளில் புரிந்தது. அதைப் புரிந்துகொண்ட சந்தோஷத்தில் எல்லாவற்றுக்கும் "அப்படியா" போட்டேன். "மாமனாருக்குப் பல்வலி" என்றாலும் "அப்படியா", "மழை வரும்போல இருக்கு" என்றாலும் "அப்படியா". வங்கி அம்மா ஒருநாள், "சார், கொஞ்சம் மாத்திப் போடுங்க" என்றார்.

தைரியம் வந்து, வேலையிலும் முயற்சி செய்தேன். ஒரு ராத்திரி இன்டர்காம் அடித்தபோது வழக்கம்போல "லேப்" என்று நிறுத்தாமல், "லேப், சொல்லுங்க சிஸ்டர், சாப்பிட்டாச்சா?" என்றேன். மறுமுனையில் இருந்த நர்ஸ் தயக்கத்தோடு, "சாரி சார், நம்பர் மாத்திப் போட்டுட்டேன்" என்று வைத்துவிட்டார். ஒரு நிமிஷம் கழித்துத் திரும்பவும் அடித்தது. "லேப்" என்றேன். "ஆங், சார், நீங்கதானா" என்று நிம்மதியாகப் பேசினார்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் என் மச்சினனுக்குப் பெண் பார்க்கும் பேச்சு வந்தது. மனைவியின் தம்பி. நல்ல பையன், கணினி வேலை, அதிர்ந்து பேச மாட்டான். மாமனார் காலமாகிவிட்டதால் வீட்டின் பெரிய ஆண் நான்தான். பெண் வீட்டில் போய் உட்கார்ந்து பேச்சைத் தொடங்க வேண்டியவன் நான்.

மாமியார் என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, "மாப்பிள்ளை பேசுவாராம்மா?" என்று கேட்டிருக்கிறார். "பேசுவாரும்மா, இப்ப நல்லா பேசுறாரு" என்று இவள் சொல்லியிருக்கிறாள். எனக்காக அவள் சொன்ன பொய்களில் அது பெரிதென்று நினைக்கிறேன்.

வேப்பமரத்தடியில் விஷயத்தைச் சொன்னேன். அடுத்த சில நாட்கள் எனக்கு அங்கே பாடம் நடந்தது.

"எடுத்த எடுப்புல சம்பளம், நகை எதையும் தொடாதீங்க" என்றார் டப்பா அம்மா. "ஏரியாவைப் பத்தி ஆரம்பிங்க. தண்ணி எப்படி வருது, பஸ் வசதி எப்படின்னு."

"பொண்ணோட அப்பா எங்க வேலை பார்த்தாருன்னு கேளுங்க. ரிடையர்டு ஆளுங்க அதைக் கேட்டா போதும், ஒரு மணி நேரம் ஓடிரும்" என்றார் வங்கி அம்மா. "பொண்ணு வந்ததும் உத்துப் பார்க்காதீங்க. கேசரி நல்லாருக்குன்னு சொல்லுங்க."

"நல்லாயில்லன்னா?"

"அப்பவும் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் நல்ல நேரம் என்று முடிவாயிற்று. முந்தின நாள் ராத்திரி எனக்கு விடுப்பு. ஆனால் என் இடத்துக்கு வர வேண்டியவருக்குக் காய்ச்சல். சாயங்காலம் போன் வந்தது, தட்ட முடியவில்லை, போனேன். அன்றைக்கென்று ஜன்னல் தட்டு காலியாகவே இல்லை. காலையில் வீட்டுக்கு வந்து, குளித்து, வேட்டி கட்டிக்கொண்டு நேராகக் காரில் ஏறினேன். "வேற நாள் பார்க்கலாமாம்மா?" என்று மனைவி கேட்டாள். "சொல்லிட்டு நாளைத் தள்ளக்கூடாது" என்றார் மாமியார்.

பெண் வீடு காட்டூரில். தஞ்சாவூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, இரண்டாவது தெரு. அப்பா, அம்மா, பெண் மூன்றே பேர். நல்ல விசாலமான ஹால். ஜன்னலுக்கு வெளியே மாமரம், அதனால் உள்ளே வெயில் இல்லை. மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. என்னை நடுவில் இருந்த சோபாவில் உட்கார வைத்தார்கள். அது மாதிரி ஒரு சோபாவில் நான் அதற்கு முன் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்ததும் ஆளை உள்ளே வாங்கிக்கொண்டது.

பெண்ணின் அப்பா எதிரே உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, நரைத்த புருவம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "காட்டூர்ல தண்ணி எப்படிங்க?" என்றேன்.

"காவிரித் தண்ணி வருதுங்க" என்றார்.

"பஸ்?"

"அடிக்கடி இருக்குங்க."

பாடத்தில் பாதி அரை நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது. மச்சினன் கார்ப்பெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்லவேளையாக மாமியாரும் பெண்ணின் அம்மாவும் லால்குடிப் பக்கம் பொதுவாக ஒரு சொந்தத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் இவருக்கு ஓரகத்தி முறை, அந்த ஓரகத்தியின் அண்ணன் இவருக்கு... ஒரே சீராக அந்தப் பேச்சு போய்க்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பாவிடம் எங்கே வேலை பார்த்தார் என்று கேட்க வேண்டும் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. வாயையும் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

திறந்த வாயோடு நான் மச்சினன் தோளில் சாய்ந்திருக்கிறேன். பெண் காபித் தட்டோடு வந்து நின்ற நேரம் அது. முதலில் குறட்டையை யாரும் குறட்டை என்று நினைக்கவில்லையாம், தெருவில் ஏதோ வண்டி என்று நினைத்திருக்கிறார்கள். மாமியார் முகம் செத்துப்போய், என் தொடையைக் கிள்ளக் கையை நீட்டியிருக்கிறார். பெண்ணின் அப்பா சட்டென்று எழுந்துவிட்டார்.

"எழுப்பாதீங்கம்மா. நைட் ஷிப்ட்டா?"

"ஆமாங்க, ஆஸ்பத்திரி லேப்ல... நேத்து திடீர்னு போக வேண்டியதாயிடுச்சு" என்றாள் மனைவி.

"உள்ள வரும்போதே கண்ணைப் பார்த்து நினைச்சேன். நானும் பேக்டரியில மூணு ஷிப்ட்டும் பார்த்தவன்."

அவரே உள்ளே போய்த் தலையணை கொண்டுவந்தார். மச்சினனை நகரச் சொல்லி, என் காலைத் தூக்கி சோபாவில் வைத்தார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். "எல்லாரும் உள்ள வாங்க, இங்க பேசினா முழிச்சுக்குவார்" என்று எல்லோரையும் கிளப்பிவிட்டார். பெண்கள் சமையலறைக்குப் போனார்கள். மச்சினனும் அந்தப் பெண்ணும் எங்கே போவது என்று தெரியாமல் மொட்டைமாடிக்குப் போனார்கள். கூடவே என் மகளும் மாங்காய் பார்க்கப் போனாள்.

நான் கண் விழித்தபோது ஹால் இருட்டாக இருந்தது. எந்த இடம் என்று புரியவில்லை. லேப் என்று நினைத்து, இன்டர்காமைத் தேடிக் கையை நீட்டினேன். எதிரே நாற்காலியில் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தைத் திருப்பும்போது சத்தம் வராமல் இரண்டு கையாலும் பிடித்து மெல்லத் திருப்பினார்.

"எழுந்துட்டீங்களா? இன்னும் கொஞ்சம் படுங்க. சாப்பாடு ஆகலை."

துள்ளி எழுந்தேன். "சார், மன்னிச்சிக்குங்க, நான்... சாப்பாடா?"

பெண் பார்க்கப் போன வீட்டில் சம்பந்தம் முடிவாகும் முன் கை நனைக்கக்கூடாது என்பது என் மாமியாரின் உறுதியான கட்சி. அந்த மாமியார் சமையலறையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருப்பது ஹாலிலிருந்து தெரிந்தது. வேறு என்ன செய்வார் பாவம். கூட்டி வந்த பெரிய மனுஷன் படுத்துவிட்டானே.

பெண்ணின் அப்பா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"எனக்கு நைட் வாரம் வந்தா வீட்டுல யாருமே பேச மாட்டாங்க. எம் பொண்ணு நுனிக்கால்ல நடக்கும். ஒருதடவை கோயில்ல அர்ச்சனை. ஐயர் பேரு நட்சத்திரம் கேட்டாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? பேக்டரி டோக்கன் நம்பரைச் சொன்னேன்."

"ஐயர் என்ன பண்ணாருங்க?"

"அதுக்கே அர்ச்சனை பண்ணிட்டாரு."

எனக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு ராத்திரி விழித்த முகத்தில் ஒட்டிவைத்த சிரிப்பு இல்லை. நானும் டப்பாக் கதையைச் சொன்னேன். அவர், "ரெடின்னா சொன்னீங்க?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். இன்டர்காமில் சாப்பிட்டாச்சா என்று கேட்டதைச் சொன்னேன். வேப்பமரத்துப் பாடத்தையும், தண்ணியும் பஸ்ஸும் அங்கே சொல்லிக்கொடுத்ததுதான் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். "அப்ப அடுத்த கேள்வி என்ன?" என்றார். "நீங்க எங்க வேலை பார்த்தீங்கன்னு." "கேளுங்க, கேளுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். வங்கி அம்மா சொன்னது சரி. ஒரு மணி நேரம் ஓடியது. அவ்வளவு நேரம் ஒரு மனிதரோடு உட்கார்ந்து நான் பேசி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

சாப்பிட்டோம். கேசரி நன்றாகவே இருந்தது. அதைச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் மச்சினன், "எனக்கு இது சரிவரும்னு தோணலைம்மா" என்று மட்டும் சொன்னான். காரணம் கேட்டால் சொல்லவில்லை. மாமியார் என்னைப் பார்த்த பார்வையில் காரணம் இருந்தது. பெண் வீட்டார் முன்னால் நான் குறட்டை விட்டதில் பையன் மனசு உடைந்துவிட்டது என்று அவர் வெகுநாள் நம்பினார்.

உண்மை அது இல்லை. சில நாள் கழித்து என்னை பைக்கில் டூட்டிக்குக் கொண்டுவிடும்போது, பாலத்தின் மேல் காற்றுச் சத்தத்துக்கு நடுவில், மச்சினன் சொன்னான்.

"மாமா, அந்தப் பொண்ணு மாடியில என்கிட்ட நேராவே சொல்லிடுச்சு. துவாக்குடியில கூட வேலை பார்க்கிற ஒருத்தரைப் பிடிச்சிருக்காம். அப்பாகிட்ட சொல்றதுக்கு இன்னும் தைரியம் வரலையாம். நான்தான் வேணாம்னு சொல்லிடுறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"அம்மா என்னைத் தப்பா நினைக்கிறாங்களேடா."

"கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க மாமா."

பொறுத்துக்கொண்டேன். அதிர்ந்து பேசத் தெரியாத பையன், யாருக்கும் வலிக்காமல் ஒரு விஷயத்தை முடித்துவிட்டு வந்திருக்கிறான். அவனைவிட நான் அதிகம் பேசக் கற்றுக்கொண்டேன் என்று எனக்கு இருந்த சின்னப் பெருமை அன்றைக்குப் பாலத்திலேயே போயிற்று.

சம்பந்தம்தான் அமையவில்லை. அந்த வாரம் சனிக்கிழமை சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. காட்டூர்க்காரர். எனக்குப் பயம்தான். பையன் ஏன் வேண்டாம் என்றான் என்று கேட்பார் என்று நினைத்தேன். "எழுந்துட்டீங்களா? இந்த நேரம் எழுந்திரிச்சிருப்பீங்கன்னு கணக்குப் போட்டுத்தான் அடிச்சேன்" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. ரிடையர் ஆகி இத்தனை வருஷம் ஆகியும் ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, உங்களுக்கு லீவு நாளில் எப்படி என்று கேட்டார். அடுத்த சனிக்கிழமை நான் கூப்பிட்டேன். அது அப்படியே பழக்கமாகிவிட்டது. தூங்கி எழுந்து காபி குடித்ததும், டூட்டிக்குக் கிளம்பும் முன், ஒருவர் மற்றவரைக் கூப்பிடுவோம். பெரும்பாலும் தூக்கத்தைப் பற்றித்தான் பேசுவோம். அதில் பேச எவ்வளவு இருக்கிறது என்பது ஷிப்ட் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஒருநாள் போன் செய்யாமல் நேராக ஸ்ரீரங்கத்துக்கே வந்துவிட்டார். அம்மா மண்டபத்துப் படித்துறையில் போய் உட்கார்ந்தோம். தண்ணீர் கோடைக்கு இளைத்து ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. வெகுநேரம் அவர் வாயைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கவுண்டரில் கையை இறுக்கி மூடிக்கொண்டு வருகிறவர்களை எனக்குத் தெரியும், அவசரப்படுத்தினால் நரம்பு உள்ளே போய்விடும்.

கடைசியில் சொன்னார். பெண் சொல்லிவிட்டாள். பையன் நல்ல வேலையில்தான் இருக்கிறான். ஆனால் அவர்கள் வேறு ஆட்கள். அப்பா இல்லை. அம்மா சமயபுரத்தில் கோயில் பக்கம் தேங்காய், பூக்கடை. "நான் என்ன செய்யிறதுன்னு தெரியலைங்க. வீட்டுல நான் கத்திட்டேன். ரெண்டு நாளா அது என்கூடப் பேசலை."

"சார், இது எனக்கு முன்னாடியே தெரியும்" என்றேன். மறைத்து வைத்துக்கொண்டு ஆறுதல் சொல்ல எனக்கு வரவில்லை. மாடியில் நடந்ததைச் சொன்னேன்.

அவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன்.

"அப்ப உங்க மச்சினன் அதுக்காகத்தான் வேணாம்னு சொன்னாரா?"

"ஆமாங்க."

"நல்ல புள்ளையைத் தவறவிட்டுட்டேன்" என்றார். குரலில் கொஞ்சம் சிரிப்பு இருந்ததாக எனக்குத் தோன்றியது.

"சார், அந்தத் துவாக்குடிப் பையனைப் பார்த்தீங்களா?"

"இல்ல."

"பார்க்காமலேயே எப்படிங்க? ஒரு காபி சாப்பிடக் கூப்பிடுங்க. பேசிப் பாருங்க. பிடிக்கலைன்னா அப்புறம் கத்திக்கலாம்."

அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். அவர் அந்தப் பையனை உடனே கூப்பிட்டுவிடவில்லை. அதற்கு அவருக்குக் கோடை கழிந்து, மழை வந்து, பொங்கலும் போக வேண்டியிருந்தது. நடுவில் மச்சினனுக்குக் கும்பகோணத்தில் ஒரு பெண் அமைந்து கல்யாணமும் நடந்தது. காட்டூர்க்காரர் குடும்பத்தோடு வந்து முதல் பந்தியில் சாப்பிட்டார். அன்றைக்குத்தான் மச்சினன் தன் அம்மாவிடம் உண்மையைச் சொன்னான். மாமியார் என் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றச் சொன்னார். மன்னிப்பு என்று அவர் அகராதியில் அதற்குத்தான் பெயர்.

பிறகு ஒரு சனிக்கிழமை காட்டூரிலிருந்து போன். "பையனும் அவங்க அம்மாவும் நாளைக்கு வீட்டுக்கு வராங்க. எங்க பக்கம் பேசறதுக்கு ஆள் இல்லை. நீங்க வரணும்" என்றார்.

மனைவியும் நானும் போனோம். முந்தின ராத்திரி எனக்கு உண்மையாகவே விடுப்பு, நன்றாகத் தூங்கியிருந்தேன். பையன் நன்றாகப் பேசினான். பெண்ணின் அப்பாவும் அவனும் ஏதோ மோட்டாரைப் பற்றி ஆரம்பித்து எழுந்து போர்வெல் பக்கம் போய்விட்டார்கள். பெண்ணும் அவள் அம்மாவும் என் மனைவியும் உள்ளே பலகாரம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். ஹாலில் பையனின் அம்மா மட்டும் இருந்தார். சோபாவில் உட்காரச் சொல்லியும் உட்காராமல் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். புதுப் புடவை. மடியில் ஒரு பை, அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். யார் பேச்சுக் கொடுத்தாலும் "ஆமாங்க", "சரிங்க" என்று ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டிருந்தார். நாள் முழுக்க வாடிக்கையாளர்களைக் கூவிக் கூப்பிடுகிற கடைக்காரம்மா அவர். அந்த ஹாலில் அவருக்குப் பேச்சு வரவில்லை.

நான் என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் அவர் பக்கத்தில் போட்டேன்.

"சமயபுரத்துல இருந்து எப்படிம்மா வந்தீங்க? பஸ்ஸா?"

"ஆமாங்க."

"ஞாயித்துக்கிழமை உக்கார இடம் கிடைச்சிருக்காதே."

அவர் என்னைப் பார்த்தார். பையின் மேல் இருந்த ஒரு கை கொஞ்சம் தளர்ந்தது.

"எங்கங்க கிடைக்குது? மொட்டை போட்டுட்டு வந்த கூட்டம் பூரா அதுலதான் ஏறுச்சு. என் கால்ல ஒருத்தரு ஏறி நின்னுக்கிட்டாரு. நான் யோவ்னு திட்ட வாயைத் திறந்தேன். எம் பையன், அம்மா, சம்பந்தி வீட்டுக்குப் போறோம், இன்னிக்கு ஒருநாளு சும்மா வாங்கன்னான்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"சும்மாதான் வந்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஏறி நின்னுக்கிட்டேதாங்க வந்தாரு அந்த ஆளு" என்றார். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. பையைக் கீழே வைத்துவிட்டு, செருப்பு விட்ட காலை நீட்டி, மிதிபட்ட இடத்தை எனக்குக் காட்டினார். "பாருங்க, எப்படிச் செவந்துபோயிருக்குன்னு."

"அடடா" என்றேன். உள்ளேயிருந்து காபி வந்தது. அவர் டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, குடிக்க மறந்து, சத்திரத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு ஓடிய கதையை ஆரம்பித்தார்.